ஒன்பது முட்டையும் ஒரு வெறும் பாட்டிலும்

நவம்பர் 3, 2025 – திங்கள்

இன்று ஒரு காரியம் செய்திருக்கிறேன். சந்திரமோகன் சாருக்குத் தெரிந்தால் லேபை விட்டே துரத்திவிடுவார். அதனால்தான் இந்த நோட்டில் எழுதுகிறேன். லேப் ரிஜிஸ்டரில் எழுதினால் அவர் படிப்பார்.

காலையில் பிரவீன் வந்து என் டேபிள் முன்னால் நெளிந்துகொண்டு நின்றான். ஆரோக்கிய பிரவீன்தான் எங்களுக்குச் சாம்பிள் எடுத்து வருகிறவன். ஐஸ்பெட்டியை வண்டியில் கட்டிக்கொண்டு தர்மபுரி மாவட்டம் முழுக்கச் சுற்றுவான். தண்ணீர், பால், கறி, எது கொடுத்தாலும் கொண்டு வருவான். இன்று துணிப்பையில் ஒன்பது முட்டை.

"அக்கா, பெருவிடைக் கோழி முட்டைங்க. சேத்து வெச்சிருந்தன். அடைக்கு உக்கார வேண்டிய கோழிய கீரி அடிச்சிருச்சு. வூட்ல வேற அடைக்கோழி இல்ல. இருபத்தோரு நாளுதான். நம்ம பொட்டி முப்பத்தேழு டிகிரிதானே?"

அவன் பெட்டி என்றது இன்குபேட்டரை. கறியில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கிற பெட்டி. முப்பத்தேழு டிகிரியில் வயிற்றைக் கெடுக்கிற சால்மோனெல்லாக் கிருமி சுகமாக வளரும். முட்டையும் பொரியும் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. அடைக்கு முப்பத்தேழரை வேண்டுமாம். அரை டிகிரிதான் குறைகிறது.

முடியாது என்றுதான் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சொல்வதற்குள் என் கை ஸ்டீல் தட்டில் பஞ்சு விரித்துக்கொண்டிருந்தது.

கீழ்த்தட்டில், பின்பக்கமாக வைத்தேன். மேலே அலுமினியத் தாள். அதன்மேல் ஒரு லேபிள்: "கே-9. 21 நாள் சோதனை. திறக்க வேண்டாம்." லேபிள் ஒட்டிய எதையும் வேறொருவர் தொடக்கூடாது என்பது சார் போட்ட சட்டம். அவர் போட்ட சட்டத்தை அவரே மீறமாட்டார். நல்ல மனிதர்.

டிசம்பர் ஒன்றாம் தேதியிலிருந்து ரிப்போர்ட்டில் நானே கையெழுத்துப் போடலாம் என்று போன வாரம்தான் சொன்னார். நாலு வருடமாக இந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன். இத்தனை நாளில் என் சோதனை ஒன்றுகூடக் கெட்டதில்லை. அந்தத் திமிர்தான், வேறென்ன.

நவம்பர் 4 – செவ்வாய்

மூன்று வேளையும் முட்டையைத் திருப்பி வைக்க வேண்டுமாம். என் மகளுக்குக்கூட இவ்வளவு சேவகம் செய்ததில்லை.

நவம்பர் 7 – வெள்ளி

முட்டைக்கு ஈரம் வேண்டும் என்று பிரவீன் சொன்னான். ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்தேன். மதியம் சார் இன்குபேட்டரைத் திறந்து, கிருமி வளர்க்கிற பிளேட்டுகளைப் பார்த்துவிட்டு, "என்ன கலை, பிளேட் எல்லாம் வேர்க்குது?" என்றார்.

"மழைக்காலம் சார்."

வெளியே மழை பெய்துகொண்டுதான் இருந்தது. நான் பொய் சொன்னேன் என்று யாராலும் சொல்ல முடியாது.

நவம்பர் 10 – திங்கள்

பெரிய வேலை ஒன்று வந்திருக்கிறது. ஒரு காலேஜ் ஹாஸ்டல். போன மாதம் பிள்ளைகள் பாதிப்பேருக்கு வயிற்றுப்போக்கு. இனிமேல் லேபில் தேறிய கடையில்தான் கோழி வாங்குவோம் என்று வார்டன் சொல்லிவிட்டார். நாலு கடை போட்டியிடுகின்றன: டவுனில் ஒன்று, தொப்பூரில் ஒன்று, மாரண்டஹள்ளியில் ஒன்று, பென்னாகரத்தில் மதலேனம்மாள் கடை.

பிரவீன் நாலு சாம்பிளும் கொண்டு வந்தான். பெட்டியைத் திறந்தால் தொப்பூர்க் கறி மஞ்சளாக இருக்கிறது. உப்பும் மஞ்சளும் தடவி ஊற வைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

"என்னடா இது?"

"லேபுக்குப் போறதாச்சே, சுத்தமா இருக்கட்டும்னு கழுவி மஞ்சத் தடவிக் குடுத்தாங்கக்கா. மாரண்டஹள்ளிக்காரரு இஞ்சி பூண்டு அரைக்கப் போனாரு. நாந்தான் புடுங்கிட்டு வந்தன்."

மரியாதையில் குறை வைக்கக்கூடாது என்று நினைத்திருக்கிறார்கள். எங்களுக்கு வேண்டியது கழுவாத கறி. நாளைக்கு நாலு கடையிலும் மறுபடி எடுக்க வேண்டும்.

மாலையில் கிருமிக் கூட்டங்களை, அதாவது காலனிகளை, எண்ணுகிற விளக்கின் மேல் முட்டைகளை வைத்துப் பார்த்தோம். எட்டில் சிவப்பு நரம்பு ஓடுகிறது, நடுவில் ஒரு புள்ளி துடிக்கிறது. ஒன்று கூமுட்டை. அந்த எட்டையும் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதை பிரவீனிடம் சொல்லவில்லை.

நவம்பர் 11 – செவ்வாய்

இன்று வந்தது பச்சைக் கறி, மஞ்சள் இல்லாமல். ஒவ்வொன்றிலும் இருபத்தைந்து கிராம் எடுத்து, சத்துத் தண்ணீரில் போட்டு, மெஷினில் பிசைந்து, இன்குபேட்டரில் வைத்தேன். குளிரில் விறைத்துக் கிடக்கிற கிருமி இன்று தின்று தெம்பாகட்டும். நாளை வேறு திரவத்துக்கு மாற்றி, நாற்பத்தொன்றரை டிகிரியில் இருக்கிற பக்கத்துப் பெட்டியில் வைப்பேன். அதில் மற்றதெல்லாம் சுருண்டுவிடும், சால்மோனெல்லா மட்டும் தாக்குப்பிடிக்கும். நாளை மறுநாள் சிவப்புப் பிளேட்டில் கம்பியால் ஒரு சொட்டு இழுப்பேன், கிருமி இருந்தால் அதில் காலனியாக வளரும். வெள்ளிக்கிழமை பார்க்கலாம்.

பிரவீன் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தான். "கறியே போடாத வெறும் பாட்டில எதுக்குக்கா கூடவே வெக்கறீங்க?"

"அதுக்குப் பேரு பிளாங்க். கறியில்லாத பாட்டில்ல கிருமி வந்தா, அது கடைக்காரங்களோடது இல்ல. நம்மளோடது. அப்ப மொத்தச் சோதனையும் குப்பைக்குத்தான்."

"வந்திருக்குதாக்கா எப்பவாச்சும்?"

"எங்கிட்டயா?" என்று சிரித்தேன்.

நவம்பர் 14 – வெள்ளி

காலையில் மதலேனம்மாள் பிளேட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். சிவப்பாகக் காலனிகள், ஒவ்வொன்றின் நடுவிலும் கறுப்பு. மீன்கண் மாதிரி பிளேட் முழுக்க என்னைப் பார்த்தன. பின்னால் நின்ற சார், "அடடா" என்றார்.

கறுப்புக் கண் வந்துவிட்டால் மட்டும் சால்மோனெல்லா என்று சொல்லிவிட முடியாது. ஆள்மாறாட்டம் செய்கிற கிருமிகள் உண்டு. ஒரு காலனியை ஊசியால் தொட்டுச் சாய்வுக் குழாயில் குத்தி, மறுநாள் நிறம் பார்த்து, பிறகு சால்மோனெல்லாவை மட்டும் அடையாளம் காட்டும் ஆன்டிசீரம் ஒரு சொட்டு விட்டுத் திரிகிறதா என்று பார்த்துத்தான் பெயர் சொல்ல வேண்டும். நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் சார் வெளியே போய் வார்டனுக்குப் போன் போட்டுவிட்டார். "பென்னாகரம் கடை கொஞ்சம் டவுட்டா இருக்குதுங்க." வார்டன் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

மற்ற மூன்று பிளேட்டும் சுத்தம். கடைசியாக பிளாங்க் பிளேட்டை எடுத்தேன். வழக்கமாக அதைப் பார்ப்பதுகூட இல்லை, சும்மா ஒரு டிக் அடிப்பேன்.

மூன்று காலனி. மூன்றும் கறுப்புக் கண்.

உட்கார்ந்துவிட்டேன்.

நவம்பர் 14, சாயங்காலம்

நோட்டைப் புரட்டினேன். செவ்வாய்க்கிழமை வரிசை என் கையெழுத்திலேயே இருக்கிறது: முதலில் பிளாங்க், அடுத்து மதலேனம்மாள், "கையுறை கிழிந்தது, மாற்றினேன்", அதன்பிறகு மற்ற மூன்று. முதல் ஜோடிக் கையுறையை எப்போது போட்டேன்? முட்டையைத் திருப்பும்போது. கையுறை போட்டுத்தானே திருப்புகிறோம், நாம் எவ்வளவு சுத்தம் என்று பெருமையாக வேறு நினைத்தேன். அதே கையோடு பாட்டிலைத் திறந்திருக்கிறேன். அந்தக் கையுறை என் கையைக் காப்பாற்றியது. பாட்டிலை யார் காப்பாற்றுவது?

முட்டை ஓட்டில் கோழிப்பீ ஒட்டியிருந்தது. நானே பார்த்தேன். பெருவிடை நாட்டுக்கோழி முட்டை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எம்.எஸ்ஸி. படித்தவள்!

பிளாங்க் பிளேட்டைப் பார்த்தது நான் மட்டும்தான். சார் பார்க்கவில்லை.

நவம்பர் 15 – சனி

மதலேனம்மாள் நேரிலேயே வந்துவிட்டார். பென்னாகரத்திலிருந்து முதல் பஸ். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் சிலுவை, கையில் கட்டைப்பை. பையைத் தலைகீழாக என் டேபிளில் கவிழ்த்தார். இரண்டு கத்தி, ஒரு தட்டு, கை துடைக்கிற துணி.

"இதையும் டெஸ்ட் பண்ணு கண்ணு. வெட்ற கட்டையத் தூக்க முடியல, இல்லன்னா அதையும் கொண்டாந்திருப்பேன். பதினெட்டு வருசமா கோழி வெட்றன். எங்கூட்டுக்காரரு போன பொறவு ரெண்டு புள்ளைய இந்தக் கத்தியிலதான் படிக்க வெச்சன். இப்ப ஊரே கேக்குது, உங்கடையில பூச்சியாமேன்னு. ஆஸ்டல் ஆர்டர் போனாப் போவுது. பேரு போனா நான் எங்க போயி நிப்பன்?"

சார் கைகூப்பி, இன்னும் முடிவு வரவில்லை என்று ஏதேதோ சொன்னார். அந்தம்மா அதைக் கேட்கவே இல்லை. காற்றை மோந்து பார்த்தார்.

"இதென்ன, அடை முட்டை வாசன அடிக்குது?"

"லேப்னா நூறு வாசன இருக்கும்மா" என்றார் சார்.

மதலேனம்மாள் என்னைப் பார்த்தார். நான் அவர் கத்தியைப் பார்த்தேன்.

நவம்பர் 16 – ஞாயிறு

என் வீட்டுக்காரர் வீரமணி மரவேலை செய்கிறவர், பேச்சும் வாய்ச்சியால் செதுக்கினது போலத்தான் இருக்கும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "முட்டையத் தூக்கிப் போடு. வாய மூடிக்க. டிசம்பர் வந்தா கையெழுத்து உன்னுது" என்றார்.

சரியான யோசனைதான். மூன்று காலனி இருக்கிற ஒரு பிளேட்டை ஆட்டோகிளேவில் போட்டு அவித்தால் முடிந்தது. யாருக்குத் தெரியும்?

ஆனால் அந்தம்மா பையைக் கவிழ்த்த சத்தம் காதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறதே. என்ன பண்றது? சொன்னா என் பொழப்பு போச்சு. சொல்லாட்டி அவங்க பொழப்பு.

நவம்பர் 17 – திங்கள்

சொல்லிவிட்டேன்.

"சார், பிளாங்க்ல வந்திருக்கு."

அவர் பிளேட்டை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "எப்படி?"

இன்குபேட்டரைத் திறந்து அலுமினியத் தாளை நீக்கினேன். அவர் விரலால் எண்ணினார். "ஒம்பது."

"ஒண்ணு கூமுட்டை சார்."

இதை எதற்குச் சொன்னேன்? எனக்கே தெரியவில்லை.

சார் நாற்காலியில் உட்கார்ந்தார். "ரெண்டு வாரமா தெனம் பாக்கறன், கே-9, கே-9னு. இது என்ன சோதனைன்னு கேட்டா, இதுகூட சாருக்குத் தெரியலையான்னு நீ நெனப்பியோன்னு கேக்காம வுட்டுட்டன்."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. "கையெழுத்து விசயம் இப்பத்திக்குப் பேச வேணாம் கலை" என்றார். பிறகு என் முன்னாலேயே வார்டனுக்குப் போன் செய்தார். "தப்பு எங்க பக்கங்க. நாலு கடையும் மறுபடி செஞ்சு தர்றம்." யார் தப்பு என்று சொல்லவில்லை. நான் பாத்ரூமில் போய் அழுதேன்.

ஒன்பது முட்டையையும் ஸ்வாபால் துடைத்து அதையும் சோதனையில் சேர்த்தேன். முட்டைகள் இன்றே வெளியேற வேண்டும் என்பது சாரின் உத்தரவு. பிரவீன் முகம் செத்துப்போயிற்று. பதினாலு நாள் ஆன முட்டை, இந்தக் குளிரில் ஒரு ராத்திரி தாங்காது. தர்மபுரி முழுக்க யாரிடம் அடைக்கோழி இருக்கிறது என்று விசாரித்தோம். கடைசியில் பிரவீன் பென்னாகரத்துக்கு மறுசாம்பிள் எடுக்கப் போகும்போதே கூடக் கொண்டு போனான். "சாம்பிள் பெட்டியில வெச்சே, கொன்னுடுவன்" என்றேன். ஹெல்மெட்டுக்குள் பஞ்சு வைத்து, வண்டி குலுக்கும் என்று பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறான்.

மதலேனம்மாள் ஹெல்மெட்டுக்குள் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "அன்னைக்கே தெரியும். குடு. எங்கோழி நேத்துதான் அடைக்கு உக்காந்துச்சு."

நவம்பர் 18 – செவ்வாய்

தண்டனை. லேபுக்குப் புது விதிமுறை நான்தான் எழுத வேண்டும். கையுறையை எப்போது மாற்ற வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதினேன். அடுத்து சார் சொல்லச் சொல்ல எழுதினேன்: "இன்குபேட்டரில் உயிருள்ள எதையும் வைக்கக் கூடாது."

"சார், கிருமிக்கும் உயிர் உண்டு. அதை வளர்க்கத்தான் பெட்டியே."

யோசித்தார். அடித்துவிட்டுத் திருத்தினார். "பிற்காலத்தில் கூவக்கூடிய எதையும் வைக்கக் கூடாது."

சுவரில் ஒட்டியாயிற்று.

நவம்பர் 20 – வியாழன்

பிளாங்க் சுத்தம். நாலு கடையும் சுத்தம். மதலேனம்மாள் கத்திகூடச் சுத்தம். முட்டை ஓடு: ஒன்பதில் மூன்று கறுப்புக் கண்.

உடனே போன் செய்தேன். "மூணு முட்டையில கிருமி இருக்குதுங்க. குஞ்சு பொரிச்சா கடைப் பக்கம் கொண்டு வந்துராதீங்க. தொட்டா சோப்புப் போட்டுக் கை கழுவணும்."

"வூடு வேற, கடை வேற கண்ணு. எனக்குத் தெரியாதா?"

ஹாஸ்டல் ஆர்டர் அவருக்குத்தான் கிடைத்தது. மாதம் ஒரு தடவை லேப் சோதனை செய்ய வேண்டும் என்கிற நிபந்தனையோடு. நிம்மதியாக இருக்கிறது.

நவம்பர் 24 – திங்கள்

ஏழு குஞ்சு! எல்லாவற்றிலும் அதிகமாகக் கத்துகிற குஞ்சுக்கு மதலேனம்மாள் என் பெயரை வைத்திருக்கிறாராம்.

டிசம்பர் 1 – திங்கள்

இன்றுதான் அந்த நாள். ரிப்போர்ட்டில் சார் கையெழுத்துப் போட்டார். நான் மை உலர ஊதினேன்.

டிசம்பர் 15 – திங்கள்

மாதச் சாம்பிள். மதலேனம்மாள் கறியோடு ஒரு சீட்டும் கொடுத்தனுப்பியிருந்தார்: "வெறும் கறி. மஞ்சள் இல்லை." ஒரு சாம்பிளுக்கு எட்டு ஜோடிக் கையுறை மாற்றினேன். "கறிக்கு ஆப்ரேசன் பண்ணப் போறீங்களாக்கா?" என்றான் பிரவீன்.

டிசம்பர் 18 – வியாழன்

இப்போதெல்லாம் பிளாங்க்கைத்தான் முதலில் பார்க்கிறேன். அது சுத்தம்.

மதலேனம்மாள் பிளேட்டில் கறுப்புக் கண்.

இந்தத் தடவை நான் இல்லை. நான் இல்லை என்று எத்தனை தடவை நோட்டைப் புரட்டுவது?

டிசம்பர் 19 – வெள்ளி

சாய்வுக் குழாயின் அடி கறுத்துவிட்டது. ஆன்டிசீரம் ஒரு சொட்டு விட்டேன், திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாகிவிட்டது. சால்மோனெல்லாதான், சந்தேகமே இல்லை.

பிரவீனைக் கூப்பிட்டேன். "குஞ்செல்லாம் எங்கடா இருக்கு?"

அவன் தரையைப் பார்த்தான். "கடையிலக்கா. வெட்ற கட்டைக்குக் கீழ, அட்டப்பொட்டியில. வெளிய குளுரு தாங்கலன்னு பல்பு போட்டு வெச்சிருக்காங்க. நீங்க திட்டுவீங்கன்னுதான் சொல்லல."

சாரிடம் போனேன். குஞ்சு இருக்கிற இடத்தைச் சொன்னேன். அந்தக் குஞ்சுகள் எந்த முட்டையிலிருந்து வந்தவை என்பது அவருக்கும் தெரியும். ரிப்போர்ட் தாளை எடுத்தார், பேனாவைத் திறந்தார், இரண்டையும் என் பக்கம் நகர்த்தினார்.

"சார்?"

"வெறும் பாட்டில்ல கறுப்பு வந்தப்ப வந்து சொன்னியே. வேற யாரு சொல்லியிருப்பா? போடு."

நாலு வருடமாகக் காத்திருந்த கையெழுத்து. முதல் கையெழுத்தே அந்த அம்மாவுக்கு எதிராக. போட்டேன்.

பிறகு போன். மதலேனம்மாளிடம் முடிவைச் சொன்னேன்.

"கிறிஸ்மஸுக்கு ஆறு நாளுதான் கண்ணு இருக்குது. வருசத்துக்கே பெரிய யாவாரம் அன்னைக்குத்தான்." பிறகு கேட்டார்: "நெசத்தச் சொல்லு. இது எங்கோழியா, உன் முட்டையா?"

"அநேகமா என் முட்டைதாங்க."

"குஞ்ச உள்ள வெச்சது நாந்தான்." பெருமூச்சு கேட்டது. "இப்பவே சாத்திக்கறன். எங்கறியத் தின்னுட்டு யாரும் வயித்தப் புடிச்சிட்டு ஓட வேணாம். நீ பாத்துச் சரின்னு சொல்ற வரைக்கும் ஷட்டரத் தூக்கமாட்டன். ஞாயித்துக்கெழம பிரஷ்ஷோட வந்து சேரு."

டிசம்பர் 21 – ஞாயிறு

பென்னாகரம். கொதிக்கிற தண்ணீர், பிளீச்சிங் பவுடர், மூன்று பிரஷ். நானும் பிரவீனும் தரை, சுவர், கூண்டு எல்லாவற்றையும் தேய்த்தோம். எம்.எஸ்ஸி.க்கு இதுவும் பாடத்தில் இருந்திருக்கலாம். வெட்டுகிற புளியங்கட்டைதான் பெரிய தலைவலி. பதினெட்டு வருடத்து வெட்டு, விரிசலுக்குள் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? வாயை மூடிக்கொள்ளச் சொன்ன என் வீட்டுக்காரர் இழைப்புளியோடு வந்து மேல்பக்கத்தை விரல்கடை அளவு இழைத்துத் தள்ளினார். கட்டை புதுசு போல ஆகிவிட்டது.

ஏழு குஞ்சும் தோட்டத்துக்குப் போய்விட்டன, தனிக்கூண்டு. என் பெயர் வாங்கிய கலைமணி என் செருப்பின் மேல் ஏறி நின்று எச்சமிட்டது. ஸ்வாப் எடுத்துக்கொண்டேன்; கட்டையிலும் கத்தியிலும்கூட.

டிசம்பர் 22 – திங்கள்

எங்களுக்காக மதலேனம்மாள் ஒரே ஒரு கோழி வெட்டினார். மத்தியானத்துக்குள் கறிப் பாட்டில் இன்குபேட்டருக்குள் போய்விட்டது.

டிசம்பர் 24 – புதன்

காலை ஏழு மணிக்குப் பிளேட்டில் இழுத்தேன். நாளை ஏழு மணிக்குத் தெரியும். பென்னாகரத்தில் மற்ற கோழிக்கடைகளில் இன்றே கூட்டமாம். மதலேனம்மாள் கடை மட்டும் சாத்திக் கிடக்கிறது என்று பிரவீன் சொன்னான்.

டிசம்பர் 25 – வியாழன்

லேபுக்கு லீவு. ஆறே முக்காலுக்கே போய்த் திறந்தேன். ஏழு மணி வரை இன்குபேட்டர் கதவின் முன்னால் நின்றேன்.

பிளாங்க் சுத்தம். குஞ்சு ஸ்வாப்பில் கறுப்புக் கண் (கலைமணி, உன்னை எனக்குத் தெரியும்). கட்டை சுத்தம். கத்தி சுத்தம். கடைசியாகக் கறி. ஜன்னலில் பிடித்து, சாய்த்து, திருப்பி, மறுபடி சாய்த்துப் பார்த்தேன். சுத்தம்.

ஒன்பது மணிக்குத்தான் மதலேனம்மாள் போனை எடுப்பார் என்று நினைத்தேன், பூசைக்குப் போயிருப்பார் என்று. முதல் ரிங்கிலேயே எடுத்தார்.

"தெறங்க" என்றேன்.

ஷட்டர் தூக்குகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் யாரோ ஒரு ஆள், இவ்வளவு நேரம் வெளியிலேயே நின்றிருக்க வேண்டும், "ரெண்டு கிலோ போடுங்கக்கா" என்றார்.

ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சார் இல்லை. மை உலர நானே ஊதிக்கொண்டேன்.